மேனேஜர் மாணிக்கம் லீவுல கீறாரு

எங்க தொழிலுக்கு கடையும் வேணாம், சாமானும் வேணாம், தொண்ட ஒன்னு போதும். அது கட்டிகிச்சின்னா அன்னிக்கி கடைய சாத்திட வேண்டியதுதான்.

பலகுரல் பரிமளா எழுதுறான்னதும் நீங்க இன்னா எதிர்பாக்குறீங்கன்னு எனக்குத் தெரியும். ரயிலு வுடுவா, ரெண்டு பூன சண்ட போடும், மிக்சி ஓடும், நடுவுல கரண்டு போவும். அப்பால கல்யாண வூட்ல மைக்கப் புடிச்சா வுடாத மாமா ஒருத்தரு வருவாரு. சிரிச்சிட்டு பக்கத்த திருப்பிடலாம், அதானே? இன்னும் செல பேரு, ஆம்பள பொம்பள பத்தி ஏதோ படிச்சாளாமே, இன்னிக்கி புருஷன வச்சி செய்யப் போறான்னு, சோறு தின்ன கையக்கூட கழுவாம வந்து குந்திகினு கீறீங்க. ஏமாந்தீங்க. எங்க வூட்டுக்காரரு ரொம்ப நல்லவரு. இத்த மொதல்ல படிக்கப் போறதும் அவருதான்.

நான் சொல்லப் போறது காலேஜ் கத. முட்டி வலிக்கி தைலம் தேக்கிற வயசுல ஆன்லைன் காலேஜ்ல சேந்து, கேமராவ எங்க அணைக்கிறதுன்னு தெரியாம, மைக்க மூட மறந்து மானம் போன என் ஜனங்களே, இது உங்களுக்குத்தான்!

ஈசியான பேப்பர்

ப்ளஸ் டூ முடிச்சதும் கல்யாணம், கல்யாணம் முடிஞ்சதும் மேட. நடுவுல வுட்டுப் போன டிகிரிய புடிக்கணும்னு ரொம்ப நாளா ஆச. சமூகவியல்ல சேந்துட்டேன். அதுல ஒரு பேப்பர் நாமளே எடுத்துக்கலாம்னாங்க. ஒன்னு மக்கள்தொகைக் கணக்கு. கணக்குன்னு பாத்ததும் கண்ண மூடிகினேன். இன்னொன்னு பாலினச் சமூகவியல். ஆம்பளயும் பொம்பளயும் எப்டி ஆம்பளயாவும் பொம்பளயாவும் ஆவுறாங்கன்னு படிக்கிறதாம். அடிச்சிது யோகம்! நான் மேடையில ரெண்டாவும் பேசுறவ. பாதி சிலபஸ் ஏற்கனவே என் தொண்டையில கீது.

எங்க வூட்டுக்காரரு குமரேசன், செங்கல்பட்டு பூரா தண்ணி கேன் போடுறாரு. சின்ன யானை லோடு வண்டிய நிறுத்திட்டு, தோள்ல கேனோட வந்தவர்கிட்ட வெசயத்த சொன்னேன். கேன எறக்கக்கூட இல்ல, யோசிச்சிகினே நின்னாரு.

"ஆம்பள பாதி எனக்குத் தெரியும், பொம்பள பாதி ஒனக்குத் தெரியும், இதுல காலேஜுக்கு இன்னாடி தெரியும்?"

மாணிக்கம் பொறந்த கத

காலேஜ் கதைக்கு முன்னாடி எங்க மேனேஜர் மாணிக்கத்த நீங்க தெரிஞ்சிக்கணும். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி சதுரங்கப்பட்டினத்துலேர்ந்து ஒரு காது குத்துக்கு போன் வந்திச்சி. எத்தினி மணிக்கு ஷோ, எவ்ளோ நேரம், எல்லாம் நான் சொல்லிகினே கீறேன். அந்தாளு கேட்டுட்டு, "வூட்ல ஆம்பள யார்னா இருந்தா குடும்மா"ன்றாரு. வூட்ல இருந்த ஒரே ஆம்பள சேவலு. "ஒரு நிமிஷம், மேனேஜர் கிட்ட குடுக்குறேன்"னு போன கொஞ்சம் தள்ளிப் புடிச்சேன். தாலுக்கா ஆபீஸ்ல ஒருத்தரு மூக்கால பேசுவாரு, அந்த மூக்கு. பஸ் டிப்போ டைம் கீப்பரு பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு இழு இழுப்பாரு, அந்த இழுப்பு. அதுக்கு மேல ஒரு இருமலு. எல்லாத்தையும் கலந்து ஒரே வார்த்த சொன்னேன். "சொல்லுங்க."

அந்தப் பக்கம் சேர் தள்ளுற சத்தம் கேட்டிச்சி. ஆளு எழுந்து நின்னுட்டாரு! "சார், வணக்கம் சார், ஒன்னும் இல்ல சார்." நான் சொன்னதையே மாணிக்கம் சொன்னாரு, பாதி வார்த்தையில முடிஞ்சி போச்சி. அன்னிலேர்ந்து அவருதான் மேனேஜரு. ஈசிஆர் பூரா அவரு குரல் தெரியாத மண்டபமே கெடயாது. நேர்ல பாத்தவங்கதான் யாரும் இல்ல. காலேஜ் சேர்ற வரைக்கும் ரகசியம் தெரிஞ்சது ரெண்டே பேரு. ஒன்னு என் வூட்டுக்காரரு, இன்னொன்னு சவுண்டு பாபு, எனக்கு ஸ்பீக்கர் கட்டி கீபோர்டு வாசிக்கிற தம்பி.

காது குத்து அன்னிக்கி அந்தாளு என்ன ஓரமா கூப்ட்டு, அக்கறையா ஒரு புத்தி சொன்னாரு.

"பேசுனா மாணிக்கம் சார் மாதிரி பேசணும்மா, கூடவே கீறியே, அவரு கிட்ட கொஞ்சம் கத்துக்கோ."

மைக்கு ஆன்ல இருந்திச்சி

மொத க்ளாஸ் அன்னிக்கி எனக்கு முட்டுக்காட்டுல ஒரு ரிசார்ட்ல ஷோ. பாபுவோட வேன்ல, ரெண்டு ஸ்பீக்கர் பொட்டிக்கு நடுவுல, போன முட்டிமேல சாத்தி வச்சிகினு குந்திட்டேன். ஹேமா மேடம் பாடம் எடுத்தாங்க. எப்டிப்பட்ட பாடம்ன்றீங்க! ஒடம்புல வர்ற வித்தியாசம் ஒன்னு, ஊரு சொல்லிக் குடுக்குற வித்தியாசம் இன்னொன்னு. பொறந்த கொழந்த அழுவுறப்ப ஆம்பள அழுக, பொம்பள அழுகன்னு கெடயாது, நாமதான் அப்பால பிரிக்கிறோம்னாங்க. எனக்கு புல்லரிச்சி போச்சி. எத்தினி கொழந்த அழுக பண்ணியிருப்பேன் மேடையில! நெஜந்தான், எல்லாத்துக்கும் ஒரே அழுகதான்!

அந்த நேரம் பாத்து இன்னொரு போன் அடிக்கிது. ஜெனரேட்டர்காரன். வண்டி இன்னும் கோவளத்துலயே கீதாம். மாணிக்கம் தன்னால வெளிய வந்துட்டாரு. "யோவ், நீ இன்னா கோவளத்துல மீன் வாங்கிகினு கீறியா? பத்து எண்ணுறதுக்குள்ள வண்டி இங்க நிக்கணும்." வச்சிட்டு திரும்புறேன், க்ளாஸே என்ன பாக்குது. மைக்கு ஆன்ல கீது.

"பரிமளா, உங்க பக்கத்துல ஒரு சார் ரொம்ப கோவமா பேசுறார். நீங்க பத்திரமா இருக்கீங்களா?"ன்னு மேடம் கேக்குறாங்க, குரல்ல அவ்ளோ கவல. "அது நான்தாங்க மேடம்"னேன். நம்பல. அதே மூக்கு, அதே இழுப்புல "சொல்லுங்க"ன்னு பேசிக் காட்டி, மேனேஜர் மாணிக்கம் கதையையும் சொன்னேன். அப்பால பேங்க்ல வேல பாக்குற தம்பி ஒருத்தன் மெதுவா மைக்க தொறந்தான்.

"மேடம், இது இந்த வாரப் பாடத்துல வருதா, அடுத்த வாரப் பாடத்துல வருதா?"

பாத்திரம் தேச்ச சத்தம்

இன்னொரு நாள், வூட்டு வேலைய யாரும் வேலையாவே கணக்குல எடுக்குறதில்லன்னு பாடம். வாசல்ல கேன் கழுவிகினு இருந்த எங்க வூட்டுக்காரரு காது இந்தப் பக்கமே கீது. கொஞ்ச நேரத்துல கேனும் கையுமா என் பின்னாடி வந்து நின்னுட்டாரு. க்ளாஸ் முடிஞ்சதும் என்ன வுட அவருக்குத்தான் பேஜாரு. "அப்ப நான் கேன் போட்டா வேல, நீ கொடம் தூக்குனா வேல இல்லியா? இன்னா அநியாயம்!"ன்றாரு. பேட்ரியார்க்கின்னு ஒரு வார்த்த, அதான் ஆணாதிக்கம், அன்னிக்கி கத்துகினாரு பாருங்க, அதோட செத்தேன். சாம்பார்ல உப்பு இல்ல, பேட்ரியார்க்கி. சிக்னல் வுழல, பேட்ரியார்க்கி. கொசு கடிச்சாக்கூட பேட்ரியார்க்கி.

மறுநாளு காலையில நாஸ்தா முடிஞ்சதும் மொத்தப் பாத்திரத்தையும் தெருக் குழாயாண்ட எடுத்துகினு போய் தேச்சாரு. வூட்டுக்குள்ளயே தண்ணி கீது, ஆனா தெருக் குழாயிலதான் ஜனம் பாக்கும். ஒவ்வொரு டம்ளரையும் தேச்சி, வெயில்ல தூக்கிப் பாத்து, போறவங்க வர்றவங்க கிட்டல்லாம் காமிக்கிறாரு. மதுராந்தகத்துல கீற தங்கச்சிக்கி போன் பண்ணி வேற சொல்றாரு. குடத்தோட நின்ன எதிர் வூட்டு அம்மா எல்லாத்தையும் பாத்துட்டு எங்கிட்ட வந்தாங்க.

"ஒரு நாளு தேச்சதுக்கே இவ்ளோ சத்தம்னா, நாங்கள்லாம் தெனம் தெனம் சத்தம் போட ஆரம்பிச்சா இந்தத் தெருவுல எவன் தூங்குவான்?"

ஒரே பாயிண்ட்டு, ரெண்டு தொண்ட

ஒரு க்ளாஸ்ல எனக்கு சூப்பரா ஒரு பாயிண்ட்டு தோணிச்சி. மைக்க தொறந்தேன். "மேடம், இல்லீங்க, வந்து, தப்பா நெனச்சிக்காதீங்க, ஒரு தொழில்ல வேல செய்றது யாருன்றது வேற, முடிவு பண்றது யாருன்னு ஊரு நெனைக்கிறது வேற." மேடம், "ம்ம், ஓகே, அடுத்து யாரு?"ன்னு போய்ட்டாங்க. எனக்கு உள்ள சுருக்குன்னுச்சி. அப்பதான் அந்தக் குறும்பு புத்தி முழிச்சிகிச்சி.

வூட்டுக்காரரு போன எடுத்தேன். பேரு எதுவும் போடாம அதுலயும் க்ளாஸுக்குள்ள பூந்தேன். மாணிக்கத்த இவங்க ஏற்கனவே கேட்டுட்டாங்க, அதனால சளி புடிச்ச ஒரு ரிட்டையர்டு ஆபீசர எறக்குனேன். கொஞ்சம் கனைச்சி, கொஞ்சம் நிறுத்தி, அதே பாயிண்ட்டு. முன்னாடி ஒட்ட வச்ச 'இல்லீங்க, வந்து' மட்டும் கெடயாது. "அருமை!"ன்றாங்க மேடம். "எல்லாரும் இத குறிச்சி வச்சிக்கோங்க. சார், நீங்க யாரு? இதுக்கு முன்னாடி பேசினதே இல்லையே?" நான் அதே சளியோட, "பரிமளா தொண்டையில குடியிருக்கேன் மேடம்"னேன்.

போச்சிடா, பேர வெட்டிடுவாங்கன்னு நெனச்சேன். திடீர்னு மேடம் சிரிச்சாங்க பாருங்க, அப்டி ஒரு சிரிப்பு. அப்பால சிரிப்பு நின்னு போச்சி. "நானா? இத்தன வருஷம் இதையே பாடம் எடுக்குற நானே இத பண்ணிட்டேனா?"ன்னு அவங்களையே கேட்டுகினாங்க. அந்த வாரம்தான் ப்ராஜெக்ட் குடுக்குற வாரம். அவங்கவங்க வேல செய்ற எடத்துல ஏதாவது ஒன்ன மாத்திப் பாத்துட்டு, நடந்தத எழுதணும். என் முறை வந்திச்சி. மேடம் யோசிக்கவே இல்ல.

"உங்க மேனேஜர் மாணிக்கத்த ஒரு மாசம் லீவுல அனுப்புங்க பரிமளா, உங்க சொந்தக் குரல்ல தொழில் பண்ணுங்க, என்ன நடக்குதுன்னு எனக்கும் தெரியணும்."

சீசன் நேரத்துல லீவா?

எனக்கு தலகால் புரியாத சந்தோசம். ஆராய்ச்சி! நானு! ஆனா மாசம்தான் தப்பான மாசம். தை பொறந்து கல்யாண சீசன் சூடு புடிச்சிகினு கீது. அதுலயும் திருவிடந்தையில பெரிய ரிசப்ஷன் ஒன்னு புக் ஆயிருந்திச்சி. கோயில்ல தாலி, சாயங்காலம் மண்டபத்துல ரிசப்ஷன், அங்க எங்க ஷோ. மாப்ளயோட மாமா ஏகாம்பரம்னு ஒருத்தரு, ஈசிஆர்ல பாதி மண்டபத்துக்கு அவருதான் சமையல் கான்ட்ராக்ட். அவரு வாயால ஒரு வார்த்த நல்லதா சொன்னா வருஷம் பூரா எங்களுக்கு மேட கீது. கோச்சிகினா, பாபு கீபோர்ட தூக்கி அட்டாலியில போட வேண்டியதுதான்.

அந்த ஏகாம்பரத்துக்கு மாணிக்கம்னா உசுரு. ஒரு தடவ ஸ்பீக்கர் வைக்கிற எடத்துக்காக மாணிக்கம் அவர போன்ல வெளுத்து வாங்கிட்டாரு. அதுலேர்ந்து பக்தரே ஆயிட்டாரு. இப்ப போன் பண்றாரு. என் சொந்தக் குரல்ல, "சாரு லீவுல கீறாருங்க, நான் பேசுறேன்"னேன். "அப்டியா, அவரு வரட்டும், அவர்கிட்டயே பேசிக்கிறேன்"னு வச்சிட்டாரு. பக்கத்துல குந்தியிருந்த பாபு மூஞ்சில ஈயாடல.

"அக்கா, மாணிக்கம் லீவுன்னா எங்க வூட்டு அடுப்பும் லீவுக்கா."

கடப்பாக்கத்து கமிட்டி

அதுக்கு நடுவுல கடப்பாக்கத்துல ஒரு திருவிழா. கமிட்டித் தலைவருக்கு நானே போன் பண்ணேன். வழக்கமா மாணிக்கம் பேசுனா, "எட்டு மணிக்கு மேட, ஜெனரேட்டர் தூரமா, வைக்கிறேன்." அவ்ளோதான். நான் பேசுனா? மொதல்ல எங்க ஊரு, யாரு வூட்டுப் பொண்ணுன்னு விசாரிச்சாரு. அப்பால அவரு பொண்ணு வாய்ஸ் கூட நல்லாருக்கும்னாரு. அப்பால போன அந்தப் பொண்ணு கிட்டயே குடுத்துட்டாரு, அது ஒரு பாட்டு பாடிச்சி. நல்லாத்தான் பாடிச்சி. மேட நேரத்த கேட்டா, "கமிட்டில பேசிட்டு சொல்றேம்மா"ன்றாரு. கமிட்டியே அவருதான்.

என் தொண்டையில மாணிக்கம் விக்கல் மாதிரி வந்து வந்து முட்டுறாரு. தண்ணிய குடிச்சி குடிச்சி உள்ள தள்ளுனேன். கடைசில எங்க ஷோ வாணவேடிக்கைக்கு நடுவுல, ஜெனரேட்டருக்கு பக்கத்துல. நான் பூன மாதிரி கத்துனேன், கூட்டம் வானத்த பாத்துச்சி. ஆனா ஒன்னு சொல்றேன், எனக்கு கோவமே வர்ல! ஆராய்ச்சி பண்றவளுக்கு அடி வாங்குறது கூட ருசிதான். ஒவ்வொன்னையும் மனசுல போட்டு வச்சிகினேன். கெளம்பும்போது தலைவரு கவலையோட வந்தாரு.

"யம்மா, மாணிக்கம் சாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா, முன்னாடியே சொல்லியிருந்தா வேற நல்ல எடமா போட்டிருப்போமே!"

எனக்கு வராத குரலு

மாமல்லபுரத்துல, கல் ஒடைக்கிற பட்டறைங்க தாண்டி ஒரு டீக்கட. ஒரு மத்தியானம் அங்க குந்திகினு, நானும் பாபுவும் என் போன் பேச்செல்லாம் ரெக்கார்டு பண்ணத போட்டுக் கேட்டோம். எங்க தொழில்ல ஒரு ஆள புடிக்கணும்னா குரல புடிக்கக் கூடாது, அவரு எங்க மூச்சு வுடுறாருன்னு பாக்கணும். மாணிக்கம் சொல்லி முடிச்சிட்டு மூச்சு வுடுறாரு. நான் ஆரம்பிக்கவே மூச்சு வாங்குறேன். "இல்லீங்க, வந்து, தப்பா நெனச்சிக்காதீங்க"ன்னு மூனு கதவ தொறந்துட்டுத்தான் வெசயத்துக்குள்ள நொழையிறேன். முடிக்கும்போது ஒரு சிரிப்பு வேற. எதுக்கு சிரிச்சேன்னு எனக்கே தெர்ல. ஜெனரேட்டர் தூரமா வைங்கன்றதுல இன்னா ஜோக்கு கீது?

இது எவ்ளோ பெரிய கண்டுபுடிப்பு! டீய அப்டியே வுட்டுட்டு அங்கியே பயிற்சி ஆரம்பிச்சேன். "எட்டு மணிக்கு மேட வேணும்." சொன்னா மாணிக்கம் மாதிரி வருது. மறுபடியும் சொன்னா டிவி நியூஸ் படிக்கிற அம்மா. இன்னொரு தடவ, எதிர் வூட்டு அம்மா. டீக்கடக்காரரு டம்ளரோட நின்னு வேடிக்க பாக்குறாரு. உளி சத்தம் கூட நின்னு போச்சி, பட்டறைக்காரங்களும் கேட்டுகினு கீறாங்க போல. பாபு தலைய சொறிஞ்சான்.

"அக்கா, ஊர்ல கீற எல்லார் மாதிரியும் பேசுற, ஒன்ன மாதிரி பேசுறதுதான் ஒனக்கு வரமாட்டுது."

பொன்னாட

திருவிடந்தை நாளு வந்திச்சி. மண்டபம் நெறைய ஜனம். மாப்ள, பொண்ணு ரெண்டு பேரும் நாற்காலியில. போட்டோக்காரரு சிரிக்க சொல்லி சொல்லி அவங்க கன்னம் வலிச்சி கீது. எங்க வூட்டுக்காரரு தண்ணி கேனோட வந்து மேட பக்கத்துலயே நின்னுட்டாரு, ஷோவ பாக்க. ஏகாம்பரம் பட்டு வேட்டில, கையில ஒரு சால்வ கவரோட நேரா வந்தாரு. "மாணிக்கம் சார் எங்க? அவருக்குத்தான் இந்த பொன்னாட. அவரு மேடைக்கி வந்தாத்தான் ப்ரோக்ராம். நான் நேர்ல பாத்ததே இல்லம்மா. இன்னிக்கி வுட மாட்டேன்!"

பாபு என்ன ஜெனரேட்டர் பின்னாடி இழுத்துகினு போய் கையெடுத்து கும்புட்டான். "ஒரே ஒரு போன்கா. மாணிக்கமா பேசி, ரயிலு லேட்டு, நீங்க ஆரம்பிங்கன்னு சொல்லிடுக்கா. மேடத்துக்கு தெரியவா போவுது?" நெசமா சொல்றேன், போன் கையில வந்துட்டிச்சி. மூக்கு ரெடி, இழுப்பு ரெடி, இருமலு ரெடி. ஒரே ஒரு 'சொல்லுங்க'. வருஷம் பூரா மேட. விரலு பட்டன் மேல கீது. அப்ப எனக்குள்ள இன்னா பூந்திச்சோ தெர்ல. போனோட அப்டியே மேட ஏறிட்டேன்.

ஒரு கையில மைக்கு, ஒரு கையில போன். "ஹலோ, மேனேஜர் சாருங்களா?"ன்னேன், என் குரல்ல. ஒரு நொடி வுட்டேன். சரியா அந்த நொடியில, "சொல்லுங்க"ன்னாரு மாணிக்கம். மொத வரிசையில ஏகாம்பரம் படக்குன்னு எழுந்து நின்னுட்டாரு! பழக்க தோசம். மண்டபமே அவர திரும்பிப் பாத்து சிரிக்கிது. அவரு என்ன பாக்குறாரு, என் வாய பாக்குறாரு, என் கையில கீற போன பாக்குறாரு. நான் நிறுத்தல.

"சார், நாளைலேர்ந்து நீங்க வேலைக்கு வர வேணாம்."

"ஏம்மா?"

"ஒங்க வேலைய நான்தான் பாக்குறேன்."

"அப்ப ஒன் வேலைய யாரு பாக்குறது?"

"அதையும் நான்தான் பாக்குறேன்."

"அப்ப நான் இத்தினி வருஷம் இன்னாதான் பண்ணேன்?"

"இருமுனீங்க சார்."

ஐயோ, அந்த கைத்தட்டல நீங்க கேட்டிருக்கணும்! கல்யாணப் பொண்ணு மேக்கப் கலையிறதக்கூட பாக்காம கண்ணத் தொடச்சிகினு சிரிக்கிது. பாபு கீபோர்டுல எதையோ அமுக்குறான், அது சோகப் பாட்டு, யாரு கேட்டா! ஏகாம்பரம் மூஞ்சி மொதல்ல செவந்திச்சி, அப்பால வெளுத்திச்சி, கடைசில அவரும் சிரிச்சிட்டாரு. நேரா மேட ஏறுனாரு, சால்வைய பிரிச்சாரு. அங்கதான் சிக்கிகினாரு. நம்ம ஊரு மேடையில ஒரு ஆம்பள பொம்பளைக்கி பொன்னாட போத்த மாட்டாரே! இப்டி பாக்குறாரு, அப்டி பாக்குறாரு. கண்ணுல பட்டது மேட ஓரத்துல கேனோட நின்ன எங்க வூட்டுக்காரரு. "பொண்டாட்டிய இவ்ளோ தூரம் வெளிய வுட்ட பெரிய மனசுக்கு!"ன்னு அவரு தோள்ல போத்திட்டாரு!

எங்க வூட்டுக்காரரு மைக்க வாங்குனாரு. நெஞ்ச நிமித்துனாரு. "சார், இது தப்பு. இதுக்குப் பேருதான் பேட்ரியார்க்கி." மொத மொதலா அந்த வார்த்த சரியான எடத்துல வுழுந்திச்சி. மண்டபம் விசிலடிக்கிது. பேசி முடிச்சிட்டு ஜம்முன்னு நிக்கிறாரு, சால்வைய மட்டும் கழட்டல.

ஏகாம்பரத்துக்கு வேர்த்து ஊத்துது. கடைசியில அவரு சம்சாரம் சாந்தியம்மாவ கூப்ட்டாரு. அவங்க அதுவரைக்கும் மொத வரிசையில குந்திகினு, மொறுக்கு கடிச்சிகினு, எல்லாத்தையும் பாத்துகினு இருந்தவங்க. மெதுவா ஏறி வந்தாங்க, எங்க வூட்டுக்காரரு தோள்லேர்ந்து சால்வைய உருவுனாங்க, எனக்குப் போத்துனாங்க. நான் கும்புட்டு நிக்கிறேன், டிகிரி வாங்குன மாதிரி கீது. மைக்கு எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல, ஆன்ல.

"இவரு அந்த மாணிக்கத்தாண்ட போன் பேசும்போது எழுந்து நின்னுதான் பேசுவாரு. எங்கிட்ட பேசும்போது டிவிய பாப்பாரு"ன்னு சாந்தியம்மா சொல்றது மண்டபம் பூரா கேக்குது. பொம்பளைங்க பக்கம் ஒரே சிரிப்பு. நானும் சிரிச்சேன். மேடம் இத்த கேக்கணுமேன்னு, பாபு ரெக்கார்டு பண்றானான்னு திரும்பிப் பாத்தேன். அதுக்குள்ள அந்தம்மா என்ன மேலயும் கீழயும் பாத்தாங்க, மொறுக்கு துணுக்க வாயிலேர்ந்து எடுத்துட்டு கேட்டாங்க.

"அது சரிம்மா, மேனேஜர நீயேதான செஞ்ச, ஒன் இஷ்டத்துக்கு செஞ்ச, ஒரு பொம்பளையா செய்யணும்னு ஒனக்கே தோணலியே, அப்பால இவர சொல்லி இன்னா?"

பாலினச் சமூகவியல்ல மேடம் என்ன பாஸ் பண்ணிட்டாங்க, சாந்தியம்மாதான் பெயிலாக்கிட்டாங்க.